மூன்று போட்ட இருபது பேர்

அந்தச் செவ்வாய்க்கிழமை போடில் காபி பிளாஸ்க்கைக் கையில் எடுக்கவில்லை.

வெளியாளுக்கு இது ஒரு செய்தியே அல்ல. எங்களுக்கோ காற்று நின்றுபோனதுபோல் இருந்தது. டென்மார்க்கின் மேற்கே, லெம்விக் பக்கம், கடற்கரை ஓரத்தில் காற்று நிற்பது நல்ல சகுனமில்லை. அடுத்து எந்தத் திசையிலிருந்து அடிக்கப் போகிறதோ என்று வீட்டுக்கு வீடு சன்னலைச் சாத்துவார்கள்.

நாங்கள் இருபத்திரண்டு பேர். மூன்று ஆஸ்பத்திரிகள், பதினாறு முதியோர் இல்லங்களின் துணியைத் துவைக்கிற ஆலை. காலை ஆறு மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கும். ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் போடில் வெஸ்டர்கோர் பிளாஸ்க்கோடு ஓய்வறை மேசையைச் சுற்றி வருவார். எல்லோர் கோப்பையிலும் கடைசி அரைக் கோப்பை. ஊற்றும்போது ஆளுக்கொரு கேள்வி. "நாய் ராத்திரி குரைக்காம தூங்குச்சா?" "படகுக்கு எஞ்சின் வந்துதா?" பதில் நீளமாக இருக்காது. எங்கள் ஊரில் எதுவுமே நீளமாக இருக்காது, குளிர்காலத்தைத் தவிர. பத்தொன்பது ஆண்டுகளாக அந்தக் காபிச் சுற்று ஒரு நாளும் தவறியதில்லை. அவருடைய அப்பாவை அடக்கம் செய்த மறுநாள்கூட.

அன்றைக்கு அவர் கதவருகே நின்று, "ஆறாயிடுச்சு, போகலாம்" என்று மட்டும் சொன்னார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். காரணத்தில் பாதி நான்தான்.

போடிலுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. மீன்பிடிக் குடும்பம். பதினேழு வயதில் பன்றி இறைச்சி ஆலைக்கு வேலைக்குப் போனவர். அங்கே மேற்பார்வையாளர் ஒருவன் விசில் வைத்திருந்தானாம். யார் தவறு செய்தாலும் ஊதுவான். ஊதிவிட்டு எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்வான். ஒருமுறை அறுக்கும் இயந்திரத்தின் தடுப்புத் தகடு உடைந்துபோனது. நான்கு பேருக்குத் தெரியும். விசிலுக்குப் பயந்து மூன்று வாரம் நான்கு பேரும் வாய் திறக்கவில்லை. நாலாவது வாரம் போடிலுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு இரண்டு விரல் போனது. அந்த நான்கு பேரில் போடிலும் ஒருவர்.

இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. ஐனார் சொன்னார். ஐனார் எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதி. ஊரில் யாருக்கு எந்த வருஷம் எந்தப் பல் விழுந்தது என்பதுவரை அறிந்தவர்.

இருபத்து நாலு வயதில் சலவை ஆலைக்கு வந்த போடில், முப்பத்தொன்பதாவது வயதில் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். வந்த முதல் வாரமே ஒரு முதியோர் இல்லத்தின் இரவு உடைகளை மீன் ஏலக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் பன்னும் வெண்ணெயுமாக உட்கார்ந்திருந்தபோது, பிறந்தநாளுக்கு மேசையில் வைக்கிற சின்னச் சிவப்பு வெள்ளைக் கொடியை எடுத்துத் தன் தட்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டாராம். "இந்த வாரத்தோட பெரிய சொதப்பல் என்னோடது. ஏலக்கூடத்துல பதினெட்டு நைட்டி கிடக்கு. இதைவிடப் பெருசா யாராவது செஞ்சிருந்தா கொடியை எடுத்துக்கலாம்."

அன்று தொடங்கியது. வெள்ளிக்கிழமை தோறும் கொடி ஒருவர் தட்டுக்கு முன்னால் நிற்கும். யாரும் யாருக்கும் வைத்துவிடக் கூடாது. அவரவராக எடுக்க வேண்டும். கொடி எடுத்தவருக்குச் சர்க்கரை அதிகம் தூவிய பன். ஐனார் ஒருமுறை கிறிஸ்துமஸ் மேசை விரிப்பையும் டாக்டர்களின் வெள்ளை அங்கியையும் ஒன்றாகப் போட்டு, முன்னூறு டாக்டர்களை ரோஜா நிறமாக்கினார். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு இரண்டு பன்.

திங்கட்கிழமைகளில் முதல் ஒரு மணி நேரம் போடில் அழுக்குப் பக்கத்தில் நிற்பார். சனி ஞாயிறு இரண்டு நாள் ஊறின மூட்டைகளைப் பிரிக்கிற இடம் அது. எந்த நாற்றத்தையும் முதலில் முகர்ந்த பிறகுதான் அடுத்தவரை அங்கே அனுப்புவார். மூட்டைக்குள் என்னென்னவோ வரும். கண்ணாடி, காது மிஷின், பல்செட்டு. அதற்கென்று ஒரு அலமாரி. ஒவ்வொரு பல்செட்டுக்கும் போடில் தானே வார்டுக்குப் போன் செய்வார். "உங்ககிட்ட யாராவது மூணு நாளா கஞ்சி மட்டும் குடிக்கறாங்களா?" என்று அவர் கேட்கும்போது கூடம் முழுக்க இயந்திரச் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு கேட்கும்.

வேலையில் கிடைக்கிற மகிழ்ச்சிக்கென்றே எங்கள் மொழியில் தனியாக ஒரு சொல் இருக்கிறது. அதை நாங்கள் அதிகம் உச்சரிப்பதில்லை. நல்ல கோப்பையைத் தினமும் வெளியே எடுக்க மாட்டார்களே, அப்படி.

கோபன்ஹேகன்காரர்கள் உச்சரித்தார்கள். இரண்டு ஆண்டுக்கு முன்பு எங்கள் ஆலையைத் தலைநகர் நிறுவனம் ஒன்று வாங்கியது. அவர்களுக்கு நாட்டில் மொத்தம் ஒன்பது ஆலை. இலையுதிர் காலத்தில் எல்லோருக்கும் ஒரு கேள்வி வரும். உங்கள் வேலை உங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி தருகிறது? ஒன்று முதல் ஐந்து வரை. பெயர் போட வேண்டாம்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துப் படி மிதித்த முதல் ஆள் நான். அப்பா அடுத்தவர் பண்ணையில் பன்றி மேய்த்தவர். ஓர்ஹூஸ் நகரில் படித்து முடித்துப் பட்டத்தோடு ஊருக்குத் திரும்பி இந்த ஆலையில் திட்ட அலுவலராகச் சேர்ந்த நாளில், அம்மா விசேஷ நாள்போல வீட்டுக் கொடிக்கம்பத்தில் கொடி ஏற்றினார். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறொன்று. எண்களைச் சும்மா அனுப்பாமல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் கொடுத்தால் மேலிடத்துக்குப் படிக்க எளிது என்று யோசனை சொன்னது நான். மூன்றரைக்குக் கீழே சிவப்பு என்று கோடு இழுத்ததும் நான். தலைமை அலுவலகம் அதை ஒன்பது ஆலைக்கும் வைத்துக்கொண்டது. பாராட்டிக் கடிதம்கூட வந்தது. பிறகு அவர்களாக ஒன்று சேர்த்தார்கள்: தொடர்ந்து இரண்டு ஆண்டு சிவப்பு வந்தால் அங்கே தலைமையை மாற்ற வேண்டும்.

எங்களுக்கு முதல் ஆண்டு மூன்று புள்ளி ஒன்று. இரண்டாம் ஆண்டு மூன்று. ஒன்பது ஆலைகளில் கடைசி.

திங்கட்கிழமை மதியம் தலைமை அலுவலகத்தின் பணியாளர் பிரிவிலிருந்து சிசெல் என்ற அம்மையார் போடிலுக்குப் போன் செய்தார். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வருவதாகவும், கடிதம் தயாராக இருப்பதாகவும், விரும்பினால் போடில் சாதாரணப் பணியாளராகத் தொடரலாம் என்றும் சொன்னார். அன்பாகவே சொன்னாராம். போடில் போனை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"யெப்பே, அந்த எண்ணு சரிதானா?"

"கூட்டினது சரிதான்."

"தப்பா ஏறியிருக்காதே?"

"இல்லை, போடில்."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்தில் நான் வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கூட்டல் சரியாக வந்ததில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

புதன்கிழமைக்குள் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சட்டப்படி ஐனாருக்குத் தகவல் வந்தாக வேண்டும். ஐனாருக்கு வந்தால் ஊருக்கே வந்த மாதிரி. ஆனால் போடிலிடம் யாரும் வாய் திறக்கவில்லை. "உன் தலைக்கு வந்திருக்கறது எங்களுக்குத் தெரியும்" என்று ஒரு மனுஷியிடம் எப்படிப் போய்ச் சொல்வது? எங்கள் ஊரில் அது பிறர் வீட்டுச் சமையலறைக்குள் தட்டாமல் நுழைவது மாதிரி. எனவே எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எவனோ ஒண்ணு போட்டிருக்கான்" என்றார் இஸ்திரி உருளையில் நிற்கிற மிர்சதா. போஸ்னியாவிலிருந்து போர்க்காலத்தில் வந்தவர். எங்கள் வட்டார உச்சரிப்பை என்னைவிட நன்றாகப் பேசுவார். "ஒண்ணு போட்டவன் கையில கொப்புளம் வரணும்."

"நான் ரெண்டு போட்டேன்" என்றார் ஐனார்.

"நீயா? அடப்பாவி!"

"சங்கப் பிரதிநிதி மூணு போட்டா மானம் போயிடும் மிர்சதா. அடுத்த வருஷம் எதைக் கேட்டுச் சண்டை போடறது? ஒரு ரெண்டுனால அவ்வளவு ஆகாது. வேற யாரோ செஞ்சிருக்கான்."

துணி மடிக்கும் இயந்திரத்தடியில் தோர்வால் நின்றுகொண்டிருந்தார். ஆறடி மூன்று அங்குலம். வாரத்துக்குப் பத்து சொல். அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்துப் பத்தையும் மிச்சம் வைத்திருக்கிறார் என்று மட்டும் தோன்றியது.

அன்று பிற்பகல்தான் அது நடந்தது. தொட்டிக்குப் பின்னால் ஒரு மூட்டை ஒளித்து வைக்கப்பட்டிருந்ததைப் போடில் கண்டுபிடித்தார். அறுவை சிகிச்சை விரிப்புகள், நாற்பது. எல்லாவற்றிலும் நீல மைத் தீற்றல். யாருடைய பையிலிருந்தோ பேனா விழுந்து உள்ளே போயிருக்கிறது. அது பெரிய விஷயமில்லை. மாதம் ஒருமுறை நடப்பதுதான். யாரோ பார்த்துவிட்டு, சொல்லாமல், மறைத்திருக்கிறார். அது பத்தொன்பது ஆண்டில் நடக்காதது.

போடில் ஒரு விரிப்பைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.  அவர் யாரையும் கூப்பிடவில்லை, விசாரிக்கவில்லை. மூட்டையைத் தானே தூக்கிப்போய் மறுபடியும் ஊறப் போட்டார். அப்புறம் கை கழுவிக்கொண்டு தன் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அந்த அறைக்குக் கதவு இருப்பதே எங்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

இஸ்திரி உருளை சூட்டில் எப்போதும் ஏதாவது பாட்டு ஓடும். மிர்சதா தொடங்குவார், ஐனார் கெடுப்பார். அன்று உருளை மட்டும் சுற்றியது. வேலை நடந்தது. நேரத்துக்கு வண்டி போனது. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பிணம் இருக்கிற வீட்டில் பாத்திரம் கழுவுகிற மாதிரி இருந்தது.

அன்று மாலை என் மேசையில் உட்கார்ந்து மறுபடியும் அந்த எண்களைத் திறந்தேன். சராசரியை அல்ல, தனித்தனியாக. பெயர் இல்லாத இருபத்திரண்டு வரி. மூன்று, மூன்று, மூன்று, மூன்று. இருபது மூன்று. ஒரு இரண்டு. ஒரு நான்கு. ஒன்று என்று ஒருவர்கூடப் போடவில்லை. அந்த வரிசையில் ஒரு மூன்று என்னுடையது. நான் ஏன் மூன்று போட்டேன்? யோசித்தேன். யோசிக்காமல்தான் போட்டிருந்தேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது, அதனால் மூன்று.

எண்களை மூடிவிட்டு விளக்கை அணைத்தேன்.

வியாழக்கிழமை பிற்பகல் போடில் பல்செட்டு அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் எந்த வார்டு, எந்தத் தேதி என்று சீட்டு ஒட்டினார். அடுத்து வருகிறவருக்குப் புரிய வேண்டும் என்று செய்கிற காரியம் அது. 

"போடில், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நீயும் அந்தக் கேள்விக்குப் பதில் போட்டியே. எத்தனை போட்டே?"

நிமிர்ந்து பார்த்தார். "மூணு. வேற என்ன போடுவாங்க?"

"ஏன் மூணு?"

"ஏன்னா? நல்லாத்தானே இருக்கு. குறை சொல்ல ஒண்ணுமில்லை." சீட்டு ஒட்டிய விரல் அப்படியே நின்றது. "நாலு போட்டா பீத்திக்கற மாதிரி இருக்காதா?"

"அஞ்சு?"

"அஞ்சா? அஞ்சு செத்தப்புறம் பாதிரியார் சொல்றது."

 அவர் கையிலிருந்த பல்செட்டைப் பார்த்தார். அது அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. மெதுவாக அதை அலமாரியில் வைத்தார்.

"தோர்வால்கிட்ட காபி எப்படி இருக்குன்னு கேட்டா என்ன சொல்வான்?" என்றேன்.

"பரவாயில்லைம்பான்."

"பரவாயில்லைன்னா உனக்கு என்ன அர்த்தம்?"

"இன்னொரு கோப்பை வேணும்னு அர்த்தம்." சொல்லிவிட்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "அட கடவுளே. வாயால சொன்னா புரியுது. எண்ணுல எழுதினா நானே ஏமாந்துட்டேனே."

சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப அந்த விரிப்பு? அதை ஏன் ஒளிச்சாங்க? எண்ணு பொய் சொல்லலாம் யெப்பே. ஒளிச்ச மூட்டை பொய் சொல்லாது. எந்த இடத்துல ஆளுங்க ஒளிக்கறாங்களோ அந்த இடத்துல பயம் இருக்கு. அது எனக்குத் தெரியும்."

நான் எண்களையே பிடித்துக்கொண்டேன்.

"நான் எல்லார்கிட்டயும் பேசறேன். இன்னொரு தடவை கேள்வியை வைக்கச் சொல்லலாம். நாலு, அஞ்சு போடச் சொன்னா..."

"போய் அப்படி ஒரு வார்த்தை சொன்னே, இந்தக் கதவுக்குள்ள நான் மறுபடி காலெடுத்து வைக்க மாட்டேன்." குரல் உயரவில்லை. "கேட்டு வாங்கற அஞ்சைவிட கேக்காம வந்த மூணு பெருசு. விடு."

சிசெலிடம் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே. வெளியே காரில் உட்கார்ந்து கோபன்ஹேகனுக்குப் போன் போட்டேன். எங்கள் பக்கத்தில் மூன்று என்றால் என்ன பொருள் என்று விளக்கினேன். சிசெல் பொறுமையாகக் கேட்டார்.

"யெப்பே, ஃபூன் தீவு ஆலையில நாலு புள்ளி நாலு. அங்கேயும் இதே கேள்விதான். உங்க ஆளுங்க மட்டும் வேற மண்ணா?"

"ஆமா" என்றேன்.

"அப்படி ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அர்த்தம்னா அப்புறம் எண்ணு எதுக்கு? மூன்றரைக் கோடு நீ கொடுத்ததுதானே. நல்ல கோடு. எனக்கு இந்த வட்டாரப் பேச்சு தெரியாது, எண்ணு தெரியும். நாளைக்குப் பார்க்கலாம்."

என் படிப்பை என் வாய்க்குள்ளேயே திணித்துவிட்டுப் போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் ஐந்தரைக்கு ஆலைக்குப் போனேன். இருட்டு, சாய்ந்தடிக்கிற மழை. வண்டி நிறுத்துமிடத்தில், காரில் வருகிற எல்லோருடைய காரும் நின்றிருந்தது. மழை என்பதால் சைக்கிள்களைக் கூரைக்கடியில் இழுத்து வைத்திருந்தார்கள். கடைசி இடத்தில் ஒரு தெரியாத கார். அதற்குப் பக்கத்தில் காற்றில் குடை மேல்பக்கமாக மடங்கிப்போன ஒரு பெண்மணி, நின்று கார்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஏழுக்கு என்றவர் ஐந்தரைக்கே வந்திருந்தார். ஆள் வருவதற்கு முன்னால் கூடத்தைத் தனியாகச் சுற்றிப் பார்க்க நினைத்தாராம்.

"நீதான் யெப்பேயா?" என்றார் சிசெல். "வேலை எத்தனை மணிக்கு?"

"ஆறுக்கு."

"இப்ப மணி என்ன?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார். நான் பின்னால் ஓடினேன்.

ஓய்வறையில் மற்ற இருபது பேரும் இருந்தார்கள். பன் வாங்குகிற முறை தோர்வாலுடையது. மேசை நடுவே கூடை. யாரும் தொடவில்லை. பேச்சும் இல்லை. போடில் சன்னலோரம் நின்றிருந்தார். சிசெல் ஈரக் கோட்டோடு வாசலிலேயே நின்று பார்த்தார். அந்த அமைதியை அவர் எப்படிப் படித்தார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"காலை வணக்கம். நான் சிசெல். போடில், எல்லார் முன்னாடியும் கேக்கறதுக்கு மன்னிக்கணும். வேலை ஆறு மணிக்கு. அஞ்சரைக்கு எல்லார் வண்டியும் வெளியில நிக்குது. இந்த அரை மணி நேரத்துக்குச் சம்பளம் யார் கொடுக்கறது?"

சிசெல் போடிலைப் பார்த்தார்.

"தினமுமா?"

"தினமும்" என்றார் போடில்.

"எத்தனை வருஷமா?"

"பத்தொன்பது."

சிசெல் பெருமூச்சு விட்டார். "ஏன் மூணு வந்துதுன்னு இப்பப் புரியுது." கைப்பையைத் திறந்து ஒரு உறையை எடுத்தார். கையெழுத்துப் போடும் கடிதம் அதற்குள் இருக்கிறது என்று அறையில் எல்லோருக்கும் தெரியும்.  போடில் சன்னலை விட்டு வந்து கையை நீட்டினார். என்னால் நம்ப முடியவில்லை. வாங்கிக்கொள்ளத்தான் நீட்டினார்.

"ஒரு நிமிஷம்" என்றார் ஐனார். நாற்காலி தரையில் உரசிப் பின்னால் போனது. "நீ கோபன்ஹேகன்லேருந்து வந்தியோ, காட்டேகாட் கடல்லேருந்து வந்தியோ, எனக்குக் கவலையில்லை. ஆனா என் எதிர்லயே சம்பளமில்லாம வேலை வாங்கறாங்கன்னு சொன்னா அது எனக்கு அவமானம். பதினோரு வருஷமா நான் இங்க சங்கப் பிரதிநிதி. இந்தப் போடிலோட சண்டை போடறதுதான் என் வேலை. பதினோரு வருஷமா எனக்கு வேலையே இல்லை. மாவட்டக் கூட்டத்துல மத்தவங்க கதை கதையா சொல்வாங்க, நான் கேக் தின்னுட்டு வருவேன். எவ்வளவு கேவலம் தெரியுமா?"

"அப்ப அஞ்சரைக்கு ஏன் வர்றீங்க?"

"காபி குடிக்க."

"வீட்டுல காபி இல்லையா?"

ஐனார் சுற்றிலும் பார்த்தார், யாராவது கை கொடுப்பார்கள் என்பதுபோல. "இருக்கு" என்றார். "ஆனா இங்கே குடிச்சா பரவாயில்லாம இருக்கு."

சிசெல் உறையைப் பிடித்தபடியே நின்றார். அந்த நேரத்தில்தான் மிர்சதா எழுந்து வந்து, மேசைக் கோடியிலிருந்த சின்னக் கொடியை எடுத்துத் தன் தட்டுக்கு முன்னால் வைத்தார். 

"போடில், அந்த விரிப்பு நான்தான். பேனா என்னோடது. ஒளிச்சதும் நான்தான்."

"ஏன் மிர்சதா?" போடிலின் குரல் எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. "என்கிட்டச் சொல்ல பயமா இருந்துதா?"

"உனக்கா பயந்தேன்? போடி!" மிர்சதாவுக்குக் கண்ணீரும் கோபமும் சேர்ந்து வந்தன. "இவங்களுக்குத்தான் பயந்தேன். இந்த வாரம் ஒரு தப்பு நடந்தாலும் உன் தலையில எழுதிடுவாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒண்ணும் ஏறக் கூடாதுன்னு பார்த்தேன். ராத்திரி யாருக்கும் தெரியாம எடுத்துட்டுப் போய் வீட்டுலயே துவைக்கலாம்னு இருந்தேன்."

"நாற்பது விரிப்பையா? வீட்டு மிஷின்லயா?"

"யோசிக்கலை."

போடில் நீட்டிய கையைக் கீழே இறக்கினார். முகத்தில் அந்த வாரம் முழுக்க இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று மெல்ல அவிழ்ந்தது. நான் அப்போது முன்னால் போனேன். திட்டம் போட்டுப் போனது அல்ல. மிர்சதா தட்டுக்கு முன்னாலிருந்து கொடியை எடுத்து என் இடத்தில் வைத்தேன்.

"இது என்னோடது. சிவப்புக் கோடு இழுத்தவன் நான். இந்த ஊர்ல பிறந்து வளர்ந்தவன், மூணுன்னா என்னன்னு தெரிஞ்சவன். நானும் மூணுதான் போட்டேன். போட்டுட்டு அதுக்குச் சிவப்பும் அடிச்சேன்."

"கொடியைக் குடுடா" என்றார் மிர்சதா. "நான் முதல்ல எடுத்தேன்."

"என்னோடது பெருசு."

"நாற்பது விரிப்பு!"

"ஒன்பது ஆலை!"

"படிச்சவன்னு திமிர் பாரு, சொதப்பறதுல கூட முதல்ல நிக்கணுமாம்" என்றார் ஐனார். அறையில் ஒருவர் சிரிக்க, சிரிப்பு மேசையைச் சுற்றி ஓடியது. நான்கு நாளில் அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு.

சிசெல் மட்டும் சிரிக்கவில்லை. கொடியையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மற்ற எட்டு ஆலைகளிலும் தவறுக்கு யார் பொறுப்பு என்று கண்டுபிடிக்க அவருடைய பிரிவுக்கு மூன்று வாரம் ஆகுமாம், பிறகு சொன்னார். அப்போது கேட்டது வேறு.

"யார் மேலயும் பழி போடறதுக்கு இல்லை, ஒரே ஒரு கேள்வி. அடுத்த வருஷமும் போடிலே இருக்கணுமா? எண்ணு வேண்டாம். வாயால சொல்லுங்க."

எல்லோரும் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். இவ்வளவு நேராக ஒரு கேள்வியை எங்கள் ஊரில் கல்யாணத்தின்போது மட்டும்தான் கேட்பார்கள். மழை சன்னலில் அடித்தது. சிசெலின் பார்வை ஒவ்வொருவராகத் தாண்டிப் போனது. இப்போதும் இவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், அந்த உறை கை மாறிவிடும் என்று நினைத்தேன்.

தோர்வால் தொண்டையைச் செருமினார்.

"எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை."

சிசெல் காத்திருந்தார். வேறு எதுவும் வரவில்லை. என் பக்கம் திரும்பினார். "இது சரின்னு அர்த்தமா?"

"இந்தக் கடற்கரையில இதைவிடப் பெரிய சரி கிடையாது" என்றேன்.

"அந்த நாலு போட்டது யாரு?" என்று ஐனார் திடீரென்று கேட்டார். "நேத்து ராத்திரி யெப்பே என்கிட்டச் சொன்னானே, ஒரு நாலு இருக்குன்னு. எவன் அந்தப் பீத்தல்?"

தோர்வாலின் காது சிவந்தது. "கை தவறிடுச்சு" என்றார்.

அப்போது எழுந்த கூச்சலில் சிசெலுக்கே உதடு கோணியது. உறையைப் பைக்குள் வைத்தார். கிழிக்கவில்லை, கிழிக்கிற ஆளும் அல்ல அவர். "மேலே நான் ஏதாவது எழுதிக் கொடுக்கணும்" என்றார். "சுலபமா ஒத்துக்க மாட்டாங்க. இந்த ஆலைக்கு அந்தச் சிவப்புக் கோட்டை எடுத்துடுங்கன்னு எழுதறேன். உடம்பு சரியில்லைன்னு எத்தனை நாள் லீவு, எத்தனை பேர் வேலையை விட்டுப் போனாங்க, அதெல்லாம் அனுப்பு, யெப்பே."

"ஆறு வருஷத்துல ஒருத்தர் போயிருக்கார். ஓய்வுக்கு."

"அதை முதல்லயே அனுப்பியிருக்கக் கூடாதா?"

"யாரும் கேக்கலை" என்றேன். உண்மைதான். என் தட்டுக்கு முன்னால் கொடியை இன்னும் நேராக நிறுத்தினேன்.

சிசெல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மேசையைப் பார்த்தார். "ரெண்டாவது கொடி இருக்கா?"

"ஒண்ணுதான்" என்றார் மிர்சதா. "நீ அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும்."

"போடில்," என்றார் சிசெல், "உன்னை யாரும் கேக்கவே இல்லையே. நீ இருக்கியா?"

 போடில் சுவரோரம் போய்ப் பிளாஸ்க்கை எடுத்தார், ஆட்டிப் பார்த்தார், மூடியைத் திருகினார். தோர்வாலிடமிருந்து தொடங்கினார். "முதுகு எப்படி இருக்கு?" "பரவாயில்லை." மிர்சதாவிடம் நெடுநேரம் நின்றார், என்ன கேட்டார் என்று தெரியவில்லை, மிர்சதா அவர் இடுப்பில் ஒரு இடி இடித்தார். ஐனாரிடம், "ரெண்டு போட்டியாமே?" "கொள்கை போடில், கொள்கை." சிசெலுக்கு ஒரு புதுக் கோப்பை எடுத்து, அதில் அரைக் கோப்பை. "கார்லயே வந்தியா, ராத்திரியே கிளம்பினியா? தூங்கினியா?"  சிசெல் இல்லை என்று தலையை ஆட்டினார்.

என்னிடம் கடைசியாக வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சர்க்கரை அதிகம் தூவிய பன்னை எடுத்து என் தட்டில் வைத்தார். பிறகு அதை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை மிர்சதாவுக்குக் கொடுத்தார்.

அன்று இயந்திரங்கள் ஆறு மணி நாலு நிமிடத்துக்கு ஓடத் தொடங்கின. பத்தொன்பது ஆண்டில் முதல் தாமதம். அதை ஏட்டில் பதிவது என் வேலை. காரணத்தையும் எழுத வேண்டும். "காபி" என்று எழுதினேன்.